உலாவி ‘ஒத்திசைவு’ வேண்டாம், இணக்கம் போதும்

நிறுவனங்களின் அக இணையத்தளங்களை, அதாவது ஊழியர்கள் மட்டும் பார்க்கும் இன்ட்ராநெட் தளங்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ‘பிராண்ட் ஒத்திசைவு’ என்கிறார்கள், அடுத்த வரியிலேயே ‘உலாவி (பிரவுசர்) ஒத்திசைவு’ என்கிறார்கள். முதலாவது கன்சிஸ்டென்சி, அதாவது எங்கும் ஒரே மாதிரி இருப்பது. இரண்டாவது கம்பேட்டிபிலிட்டி, அதாவது ஒன்றோடு ஒன்று சேர்ந்து வேலை செய்வது. இரண்டுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டால் எது எதுவென்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இரண்டுமே இலத்தீன் வழி வந்தவை. கன்சிஸ்டென்ட் என்பதன் வேர் ‘சேர்ந்து நில்’. கம்பேட்டிபிள் என்பதன் வேர் ‘சேர்ந்து தாங்கு’. நோயாளியைச் சொல்லும் பேஷன்ட்டும் அதே வேரில் முளைத்ததுதான். நிற்பது வேறு, தாங்கிப்போவது வேறு.

கணக்குப் பிரிவின் பக்கமும் மனிதவளப் பிரிவின் பக்கமும் ஒரே சின்னம், ஒரே நீலம், ஒரே எழுத்துரு என்று இருந்தால் அது ஒருசீர்மை. (பிராண்டை இங்கே ‘வணிகப்பெயர்’ ஆக்குவதும் வேடிக்கைதான். ஊழியருக்கு யார் எதை விற்கிறார்கள்? ‘நிறுவன அடையாளம்’ போதும்.) உலாவி விஷயத்தில் தோற்றம் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டுமென்பதே இல்லை. பொத்தானின் மூலையை வளைக்கும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) பண்பு இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2011இல், ஒன்பதாம் பதிப்பில்தான் வந்தது. எட்டாம் பதிப்பில் அதே பொத்தான் கூர்மூலையோடு தெரியும், ஆனால் அழுத்தினால் வேலை நடக்கும். ஒருசீர்மை கொஞ்சம் போயிற்று, இணக்கம் இருக்கிறது. இரண்டையும் ‘ஒத்திசைவு’ என்றால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது! போதாக்குறைக்கு, கைபேசியும் கணினியும் தரவைச் சரிசெய்துகொள்ளும் ‘சிங்க்’குக்கும் அதே சொல்தான் ஏற்கெனவே வழங்குகிறது.

இணக்கம் என்பதன் அருமை அக இணையத்தில்தான் தெரியும். 2009இல் வந்த அந்த எட்டாம் பதிப்பு, அக இணையத்தளம் என்று கண்டால் யாரையும் கேட்காமல் பழைய ஏழாம் பதிப்பைப் போல நடந்துகொள்ளும் காட்சிமுறைக்குப் போய்விடும். பழைய பக்கங்கள் பிழைக்கட்டும் என்ற இரக்கம். விளைவு, வெளியே ஒழுங்காகத் தெரிந்த புதுப் பக்கம் அலுவலகத்துக்குள் சிதைந்து தெரிந்தது. 2022 ஜூனில் அந்த உலாவிக்கு விடைகொடுத்த பிறகும் மைக்ரோசாஃப்டின் புது உலாவியான எட்ஜுக்குள் அதன் முறையைத் தனியாக வைத்திருக்கிறார்கள். இதைத் தமிழில் ‘இணங்கிப்போதல்’ என்றுதான் சொல்வோம். ‘ஒத்திசைதல்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

விதிக்குக் கட்டுப்படும் கம்ப்ளையன்ஸுக்கும் இணக்கம் என்றுதானே எழுதுகிறோம் என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வேற்றுமை உருபு எதற்கு இருக்கிறது? விதிக்கு இணக்கம், உலாவியோடு இணக்கம். ‘கு’ பணிவைச் சொல்லும், ‘ஓடு’ கூடி வாழ்வதைச் சொல்லும். ‘இணக்கம் அறிந்து இணங்கு’ என்று ஆத்திசூடியில் படித்தவர்களுக்கு இது புதிதுமல்ல.

கம்பேட்டிபிலிட்டிக்குச் சிலர் எழுதும் ‘பொருந்தக்கூடிய தன்மை’யை நான் போட்டிக்கே சேர்க்கவில்லை. அது சொல் அல்ல, சொல்லைத் தேடச் சோம்பியவரின் விளக்கவுரை. ஆங்கிலத்தில் ‘பிலிட்டி’ என்று முடிந்தாலே ‘கூடிய தன்மை’யை ஒட்டும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள்: பயனர் பெருகும்போது தளம் ஈடுகொடுத்து வளரும் ஸ்கேலபிலிட்டி, ‘அளவிடக்கூடிய தன்மை’ ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர் எந்த அளவுகோலை வைத்து அளந்தாரோ!