எங்கே குத்தியது என்று உண்மையைச் சொல்லுங்கள்

விடுமுறை நாள் வந்தாலே எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கடலிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வெளியூர்ப் பையன். கணுக்காலுக்கு மேலே நைலான் கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறது, பாதம் நீலம் பாரித்துக் கிடக்கிறது, காயத்தின் மேல் மீன்பெட்டி ஐஸ். "கல்லு வழுக்கிருச்சு சார்" என்கிறான். கூட வந்த படகுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கல் வழுக்கினால் இப்படி ஓரம் பிய்ந்த ஆழமான குத்துக்காயம் வராது, சின்னக் காயத்துக்கு இவ்வளவு கதறலும் இருக்காது. திருக்கை மீனின் முள். அதை அவர்கள் வாயிலிருந்து வாங்குவதற்குள் நேரம் போய்விட்டது.

மறைத்ததற்குக் காரணம், இறங்கக் கூடாத தீவில் இறங்கியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. முயல்தீவு, மனோலி, வாழை, அப்பா எல்லாமே அதில் அடக்கம். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் தருகிறார்கள்: "உள்ளூர் அண்ணன்தான் சார் கூட்டிப் போனார், ஒண்ணும் ஆகாதுன்னார்." எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த எண்ணம்தான். பாம்பனில் சேர்ந்து டீ குடிக்கிறீர்கள், அவர் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடுகிறீர்கள், இரண்டே நாளில் அண்ணே, மச்சான் என்று ஆகிவிடுகிறது. நல்ல விஷயம். இந்தக் கரையில் வீடு தேடி வந்தவரை முகம் வாட அனுப்ப மாட்டார்கள், கீழக்கரைப் பக்கம் போய் ஒருவரைக் காக்கா (அங்கே அண்ணன் என்று அர்த்தம்) என்று கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும். ஆனால் அந்த உரிமையில் "ஒரே ஒரு தடவை தீவுல இறக்கி விடுங்கண்ணே" என்று நீங்கள் கேட்டால் அவரால் இல்லை என்று சொல்ல முடியாது, அதை நீங்கள் அனுமதி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அவருடையது மீன்பிடிக்கப் பதிவான வள்ளம், ஆள் ஏற்றுவதற்கு அல்ல. மாட்டிக்கொண்டால் நீங்கள் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவீர்கள், அவர் படகுக்காக அலைய வேண்டும். அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அதில் போகிறவர்கள் கையில் காசு இல்லாத நேரம். அப்போது பணத்தைக் காட்டித் தயவுசெய்து யாரையும் இழுக்காதீர்கள்.

அவருக்குக் கடல் தெரியும் என்பது உண்மை. அது உங்கள் காலுக்குத் தெரியாதே. தினமும் பாசி எடுக்கப் போகும் அக்காமார்களைப் பாருங்கள், விரல் விரலாகத் துணி சுற்றித்தான் கடலடிப் பாரில், அதாவது பாறையில், கை வைப்பார்கள், வெறுங்காலோடு இறங்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து இந்தக் கடலில் கிடப்பவர்களே அப்படி. நீங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் குதிக்கிறீர்கள்.

சரி, எந்தக் கரையானாலும் இதைச் செய்யுங்கள். கெட்டியான அடி உள்ள செருப்பு போடுங்கள். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போய்விடும். கூம்பு வடிவத்தில் கோலம் போட்டது போல் அழகான சங்கு கிடந்தால் தொடவே வேண்டாம், உள்ளே உயிர் இருந்தால் அது குத்தும், குத்தியது வலிக்காமலேயே மூச்சு நின்றுபோன ஆட்கள் உலகத்தில் உண்டு.

திருக்கை குத்தினால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். பல நேரம் நாங்கள் முதலில் செய்யும் வேலையே நீங்கள் கட்டிய கட்டை அவிழ்ப்பதுதான். ரத்தம் கொட்டினால் துணி வைத்து அழுத்துங்கள். கரை வந்ததும் டீக்கடையில் வெந்நீர் கேளுங்கள், குத்துப்படாத காலை விட்டுப் பாருங்கள், பொறுக்கும் சூடாக இருக்க வேண்டும், 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை பாதத்தை வைத்தால் வலி இறங்கும். ஆனால் வெந்நீரோடு நிறுத்திவிட வேண்டாம், டி.டி. ஊசியும் எக்ஸ்ரேயும் பாக்கி. நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் நின்றால் பிடுங்கவே கூடாது, 108-ஐ அழையுங்கள். நடுக்கடலில் என்றால் கடலோரக் காவல்படை எண் 1554. சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள். மணல் தேய்ப்பது, நல்ல தண்ணீர் ஊற்றுவது, சிறுநீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

தீவுக்கடலைப் பார்க்க ஆசையா? ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன் வலசையில் வனத்துறையின் கண்ணாடிப் படகு இருக்கிறது, பாக் நீரிணைப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். அந்த அண்ணனோடு விடிகாலையில் ஏலத்துக்குப் போங்கள், கச்சான் காற்று எப்போது எழும், வாடைக் காற்று எப்போது வரும் என்று கேளுங்கள், அவர் மணிக்கணக்கில் பேசுவார்.

படகுக்கார அண்ணன்களுக்கும் ஒன்று. ஏன் தீவில் இறங்கினீர்கள் என்று விசாரிப்பது மருத்துவர் வேலை இல்லை, என்ன குத்தியது, எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான் எங்களுக்கு வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு சில நாளில் காயம் வீங்கினாலோ சீழ் வைத்தாலோ முள் துண்டு உள்ளேயே நின்றிருக்கலாம். வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் திருக்கை குத்தியது என்று சொல்லியே காட்டுங்கள்.