மூன்று கோடுகள் கூடும் இடம்: ஸ்ரீசக்கரத் தகடு வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சென்ற ஆடி மாதத்தில் ஓர் அம்மையார் மஞ்சள் துணியில் சுற்றிய தகடு ஒன்றை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பேத்தியின் கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த ஸ்ரீசக்கரம், அதாவது அம்பாளை வழிபடுவதற்கான முக்கோணக் கோட்டு யந்திரம் அது. செம்பில் பொன்முலாம் பூசியிருந்தார்கள். மூன்று ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை தவறாமல் குங்கும அர்ச்சனை செய்து வருவதாகவும், கோடுகளுக்குள் குங்குமம் இறுகிப்போனதால் சுத்தம் செய்து தர வேண்டும் என்றும் சொன்னார். புளிக்கரைசலில் ஊறவைத்துத் துடைத்தபோது பதினான்கு முக்கோணங்கள் இருக்க வேண்டிய வெளிச்சுற்றில் பன்னிரண்டுதான் இருந்தன. நடு முக்கோணத்தின் கூர்முனை கீழே உள்ள கோட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. செப்புத் தகட்டில் யந்திரம் வெட்டுவதை இருபத்தாறு ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்துவருகிறேன். இப்படிப்பட்ட தகடுகள் இப்போது மாதம் நான்கைந்தாவது என் கைக்கு வருகின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்ரீசக்கரத்தில் சிவனைக் குறிக்கும் முக்கோணங்கள் நான்கு, சக்தியைக் குறிக்கும் முக்கோணங்கள் ஐந்து. அம்பாளைப் போற்றும் சௌந்தர்யலஹரியின் பதினோராம் சுலோகம் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த ஒன்பதும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்போது வெளியிலிருந்து உள்ளே பதினான்கு, பத்து, பத்து, எட்டு, ஒன்று என்று 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன. அதே சுலோகத்தில் 43 என்றும் 44 என்றும் இரு பாடங்கள் வழங்குவது நடுவிலுள்ள பிந்து என்னும் புள்ளியையும் சேர்த்து எண்ணுவதால் வரும் வேறுபாடு. முக்கோணங்களைச் சுற்றி எட்டிதழ்த் தாமரையும் பதினாறிதழ்த் தாமரையும், அவற்றைச் சூழ்ந்து மூன்று வட்டங்களும், எல்லாவற்றுக்கும் வெளியே நான்கு வாயில்கள் கொண்ட பூபுரம் என்னும் சதுரக் கோட்டையும் அமைகின்றன.

ஆவரணம் எனப்படும் ஒன்பது சுற்றுகளையும் வழிபடும் நவாவரண பூஜையில் பூபுரத்தின் வாயிலில் தொடங்கி ஆவரணம் ஆவரணமாக உள்ளே போவார்கள். திரைலோக்யமோகனம் என்ற முதல் சுற்றிலிருந்து சர்வானந்தமயம் என்ற பிந்து வரை செல்லும் இந்த முறைக்குச் சங்கார கிரமம் என்று பெயர். பிந்துவிலிருந்து வெளியே விரிந்து வருவது சிருஷ்டி கிரமம். ஒரு புள்ளி உலகமாக விரிவதும், உலகம் அந்தப் புள்ளிக்குள் ஒடுங்குவதும் ஒரே படத்தில் இருக்கின்றன. இச்சை, ஞானம், கிரியை ஆகிய மூன்றும் நடு முக்கோணத்தின் மூன்று முனைகள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திருவாரூர்க் கமலாம்பிகையின் மீது முத்துசுவாமி தீட்சிதர் ஆவரணத்துக்கு ஒன்றாகக் கீர்த்தனை பாடியதும் இந்த அடுக்கைப் பின்பற்றித்தான்.

வரைவதற்கென்று நாங்கள் கையாளும் பழைய கணக்கு ஒன்று உண்டு. வட்டம் போட்டு, மேலிருந்து கீழாக அதன் விட்டத்தை 48 பங்காக்கி, 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6, 6 என்ற இடைவெளியில் ஒன்பது குறுக்குக் கோடுகள் இழுக்க வேண்டும். மூன்றாம் கோடும் ஏழாம் கோடும் மட்டும் இருபுறமும் வட்டத்தைத் தொட்டு நிற்கும். மற்ற ஏழின் முனைகளையும் அவற்றுக்கு உரிய அளவில் அழித்துவிட வேண்டும். ஐந்தாம் கோட்டில் இருபுறமும் 18 பங்கு போய்விடும், ஒன்றாம் கோட்டில் 3 பங்குதான் போகும். பிறகு முதல் கோட்டின் முனைகளை ஆறாம் கோட்டின் நடுவோடும், இரண்டாம் கோட்டின் முனைகளை ஒன்பதாம் கோட்டின் நடுவோடும் இணைத்து, இப்படியே ஒன்பது முக்கோணங்களையும் கட்டுவோம். இரண்டு கோடுகள் வெட்டும் இடம் சந்தி, மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூடும் இடம் மர்மம். உடம்பில் உயிர்நிலையைக் குறிக்க நாம் சொல்லும் வர்மம் என்ற சொல்லும் இந்த மர்மமும் ஒன்றே என்பதைத் தொழில் கற்ற நாளில் என் குருநாதர் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் புள்ளியில் சிற்றுளியை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்தக் கணக்கை அப்படியே வைத்துப் போட்டாலும் சில மர்மங்களில் மயிரிழை விலகும். ஒரு கோட்டைச் சற்றே நகர்த்தி அங்கே சரிசெய்தால் வேறோர் இடத்தில் பிசகும், ஏனென்றால் எந்த முக்கோணமும் தனித்து நிற்பதில்லை. ஒன்பதையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு இணக்குவதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

வட்டத்தின் விட்டம் 96 மில்லிமீட்டர் என்றால் ஒரு பங்கு 2 மில்லிமீட்டர், நடு முக்கோணத்தின் உயரம் 4 பங்கு, அதாவது 8 மில்லிமீட்டர். அதற்குள் பிந்து தெளிவாக உட்காரும். அதே சக்கரத்தை 24 மில்லிமீட்டர் டாலரில் அடக்கினால் ஒரு பங்கு அரை மில்லிமீட்டராகிவிடும். உளியின் கோட்டுத் தடிமனே ஏறக்குறைய அவ்வளவு. அச்சில் அழுத்தி வரும் டாலர்களிலும் மோதிரங்களிலும் நடுப்பகுதி ஒரு கரும்புள்ளியாகக் குழம்பிக் கிடப்பதற்கு இதுதான் காரணம். மூன்றங்குலத்துக்குக் குறைந்த வட்டத்தில் ஸ்ரீசக்கரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் வெட்டித் தருவதில்லை. சிறியதாகத்தான் வேண்டும் என்றால் முருகனின் அறுகோணம் போதும். மேல்நோக்கிய முக்கோணம் ஒன்று, கீழ்நோக்கிய முக்கோணம் ஒன்று, ஆறு முனைகளில் சரவணபவ என்னும் ஆறெழுத்து என்று அது சின்னத் தகட்டிலும் தெளிவாக நிற்கும்.

தகடு வாங்குபவர்கள் கடையிலேயே ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். முதலில் பதினாறு இதழையும் எட்டு இதழையும் எண்ணுங்கள், பிறகு முக்கோணங்களைச் சுற்றுச் சுற்றாக எண்ணுங்கள். மர்மம் பிசகியிருந்தால் மூன்று கோடுகள் கூட வேண்டிய இடத்தில் கணக்கில் வராத ஒரு குட்டி முக்கோணம் தென்படும். மிகப் பெரிய இரண்டு முக்கோணங்களின் முனைகள் வட்டத்தைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். நடு முக்கோணம் எந்தப் பக்கம் நோக்கி இருக்க வேண்டும் என்பது சம்பிரதாயத்துக்குச் சம்பிரதாயம் மாறும்; அதைப் பூஜை சொல்லிக்கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

கல்லாப்பெட்டியில் வைத்தால் பணம் கொழிக்கும் என்று சொல்லி விற்பவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. கோடு பிசகினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயமுறுத்தி, பரிகாரத்துக்கு வேறொரு தகட்டை விற்பவர்கள் அதைவிடக் கொடியவர்கள். திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் திருவம்பலச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று வரிசையாகப் பேசுகிறது. அங்கே சக்கரம் வழிபடுபவனின் உள்ளத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. காஞ்சி காமாட்சி சந்நிதியில் அம்பாளுக்கு முன்னுள்ள ஸ்ரீசக்கரத்தையும், மூலிகைகளால் ஆனதால் அபிஷேகம் செய்யாமல் குங்கும அர்ச்சனை மட்டும் செய்யப்படும் மாங்காட்டு அர்த்தமேரு என்னும் மேடாக எழுப்பிய ஸ்ரீசக்கரத்தையும் ஒருமுறை நின்று நிதானமாகத் தரிசித்தவர்களுக்கு வியாபாரப் பேச்சு காதில் ஏறாது.

"இத்தனை நாள் செய்த பூஜை வீண்தானா தம்பி?" என்று அந்த அம்மையார் கேட்டார். வீண் இல்லை அம்மா, நீங்கள் அர்ச்சித்தது அம்பாளை என்றேன். அந்தத் தகட்டைத் திருத்த வழியில்லை, வெட்டிய கோட்டை அழிக்க முடியாது. பிசகிய தகடுகளை ஆற்றில் போடாமல், உருக்குபவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது. அவருடைய தகட்டையும் உருக்கக் கொடுத்துவிட்டு, புதிய செப்புத் தகட்டில் 96 மில்லிமீட்டர் வட்டம் போட்டேன். வேலை முடியும் நாளில் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வந்தார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, தென்னங்குச்சி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்கள். பேத்திக்கு முதல் தடவை 41 வந்தது. மறுபடி எண்ணினாள்.