தலைமுறையா, புதுப்பிப்பா?

மதுரை பைபாஸ் ரோட்டில் கார் பேனர்களைப் படித்தால் எஸ்யூவி என்கிற உயரமான ரகக் கார்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை தலைமுறை மாறுவதாகத் தோன்றும். முன்விளக்கு மாறினால் போதும், 'அடுத்த தலைமுறை' என்று எழுதிவிடுகிறார்கள்.

தலை என்றால் ஆள். தலைக்கு நூறு ரூபாய் என்று வசூலிக்கிறோமே, அந்தத் தலை. முறை என்றால் வரிசை. அப்பன் போய் மகன் வருவது தலைமுறை. அப்பன் மீசையை மழித்துக்கொள்வது அல்ல. ஆங்கில ஜெனரேஷனின் வேரும் பிறப்பிப்பதுதான்.

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். 2015இல் முதல் தலைமுறை வந்தது. 2018இல் முகப்பைத் திருத்தினார்கள். 2020இல் வந்தது இரண்டாம் தலைமுறை: அடித்தளமே வேறு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் 2590 மி.மீ.யிலிருந்து 2610 ஆனது. 2024 ஜனவரியில் முகப்பும் பின்புறமும் மாறின, நீளம் 4300இலிருந்து 4330 ஆனது. அச்சுத் தூரம் அதே 2610. புதிதாக 160 பிஎஸ் திறனுள்ள டர்போ எஞ்சின் வந்ததே என்பார்கள். வரட்டும்; ஒரே தலைமுறைக்குள் எஞ்சின் மாறுவது சகஜம். ஆக, அந்த ஒன்பது வருஷத்தில் தலைமுறை இரண்டு. பேனர் கணக்கில் நான்கு! பழைய கார் வாங்குகிறவருக்கு இது காசு விஷயம்.

சரி, 2018இலும் 2024இலும் நடந்ததை என்னவென்பது? தொழிலில் ஃபேஸ்லிஃப்ட் என்பார்கள். 'முகத்தூக்கம்' என்று பெயர்த்தால் வண்டி கண் அசந்த மாதிரி இருக்கிறது. 'முகமாற்றம்' என்றால் பின்பம்பர் கோபித்துக்கொள்ளும். எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது 'புதிய அவதாரம்'. மச்சமும் கூர்மமும் ஒரே உடம்பா? அவதாரம் என்றாலே வேறு உருவம், வேறு பிறப்பு. சுற்றிவளைத்து மறுபடி அதே பொய்தான்.

'புதுப்பிப்பு' போதும். செல்போன் அப்டேட்டுக்கும் அதுதானே என்று கேட்கிறார்கள். இருக்கட்டுமே, நடப்பது ஒரே வேலைதான்: இருப்பதைச் சீராக்குவது. எஞ்சின், பம்பர், உள்ளே இருக்கும் திரை எல்லாம் அதற்குள் அடங்கும்.

விளம்பரத்தை மொழிபெயர்ப்பவர்கள் வண்டியைப் பார்க்காமல் அகராதியைப் பார்ப்பதுதான் கோளாறு. எஸ்யூவியையே, அதாவது ஸ்போர்ட் யூட்டிலிட்டி வெஹிக்கிளையே, 'விளையாட்டுப் பயன்பாட்டு வாகனம்' என்று எழுதியவர்கள் ஆயிற்றே. அங்கே ஸ்போர்ட் என்பது வேட்டை, மீன்பிடிப்பு, முகாம் என்று வெளியே பொழுதுபோக்கப் போவது. இவர்கள் தமிழில் படித்தால் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் கபடி டீமை ஏற்றிப்போகும் வண்டி என்றுதான் நினைக்கத் தோன்றும்.