பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு முன் வேகனைப் படியுங்கள்: நீராவிக் கால அமெரிக்க சரக்கு வேகன்களை அடையாளம் காணும் முறை

பழைய சரக்கு வேகன் ஒன்று நன்கொடையாக வந்து சேர்ந்ததும், பல அருங்காட்சியகங்களில் முதலில் அழைக்கப்படுபவர் மணல்வீச்சுக்காரர். துருவும் பழைய பெயின்ட்டும் போய் இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அந்த ஒரே நாளில் அறுபது, எழுபது ஆண்டுச் சான்று தூசியாகிவிடுகிறது. பிறகு யாரோ ஒருவர் நினைவிலிருந்து சொன்ன கம்பெனிப் பெயரை அழகாக எழுதி வைக்கிறார்கள். வேகன் தப்பித்துவிடுகிறது. அது எந்த வேகன் என்பது தொலைந்துபோகிறது.

இங்கே பேசுவது அமெரிக்காவில் நீராவி எஞ்சின் ஓடிய காலத்து வேகன்களைப் பற்றி, குறிப்பாக 1910-களிலிருந்து 1950-கள் வரை கட்டப்பட்டவற்றைப் பற்றி. அந்த வேகன்கள் ஒரு கம்பெனியின் தடத்தோடு நின்றவை அல்ல. பென்சில்வேனியா ரயில்வேயின் வேகன் கலிஃபோர்னியாவில் சரக்கு இறக்கும், சாண்டா ஃபே கம்பெனியின் வேகன் நியூயார்க் போகும். அதனால் கம்பெனிகளுக்கிடையே வேகன் கைமாறப் பொது விதிகள் தேவைப்பட்டன. எந்தப் பாகம் எந்த ஆண்டுக்குப் பிறகு பிறர் தடத்தில் ஓடக்கூடாது என்று அந்த விதிகள் சொல்லின. அடையாளம் காண நினைப்பவருக்கு அந்த விதிகள்தான் பெரிய துணை.

முதல் வேலை படம் எடுப்பது. நான்கு பக்கமும் நேர்க்கோட்டில் நின்று எடுங்கள். அடிச்சட்டம், கூரை, உள்சுவர் எதையும் விடாதீர்கள். அடுத்து, இருட்டியபின் ஒரு நல்ல டார்ச்சோடு வாருங்கள். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் ஒளியை ஓட்டுங்கள். எழுத்துக்குப் பூசிய பெயின்ட்டும் சுவருக்குப் பூசிய பெயின்ட்டும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. மரச் சுவரில் எழுத்துக்கு அடியில் இருந்த மரம் வெயில், மழையிலிருந்து தப்பி, சுற்றியுள்ள மரத்தைவிட மயிரிழை மேடாக நிற்கும். பகலில் வெறும் சுவராகத் தெரிந்த இடத்தில் மூன்றெழுத்தும் ஐந்து இலக்கமும் எழுந்து வரும். எண் பக்கச்சுவரில் போயிருந்தாலும் இரண்டு முனைச்சுவர்களிலும் எழுதியிருப்பார்கள், அங்கே தேடுங்கள். கதவைத் திறந்தால் அது மறைக்கும் சுவர்ப்பகுதி, ஏணிக்குப் பின்புறம், அறிவிப்பு அட்டை ஆணியடித்த பலகையின் அடி ஆகிய இடங்களிலும் பழைய அடுக்கு பிழைத்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அடுக்குகளைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் தெளித்து, சின்னக் காசு அளவுக்கு மட்டும் ஈரத்தில் தேயுங்கள். துகள்களைத் தடுக்கும் சரியான முகமூடி அணிந்தே செய்யுங்கள்.

எழுத்து கிடைத்துவிட்டால் உரிமையாளர் யார் என்பது ஓரளவு தெரியும். முன்னெழுத்துகள் 'எக்ஸ்' என்று முடிந்தால் அது ரயில்வே கம்பெனியின் வேகன் அல்ல, தனியார் வேகன்: யூ.டி.எல்.எக்ஸ். என்றால் யூனியன் டேங்க் கார், ஜி.ஏ.டி.எக்ஸ். என்றால் ஜெனரல் அமெரிக்கன். பி.எஃப்.இ. என்பது பசிஃபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ். யூனியன் பசிஃபிக்கும் சதர்ன் பசிஃபிக்கும் கூட்டாக நடத்திய ஐஸ் வேகன் (ஐஸால் குளிரூட்டும் சரக்கு வேகன்) நிறுவனம். ஆனால் மேலடுக்கில் உள்ள பெயர் கடைசி உரிமையாளரை மட்டுமே சொல்கிறது. பழைய வேகன்களை சின்ன ரயில்வேக்கள் வாங்கின, தொழிற்சாலைகள் வாங்கின. ரயில்வேக்களே தடப் பராமரிப்புக்கு ஒதுக்கி, எண்ணையும் மாற்றின.

பெயரைவிட எனக்கு அதிகம் உதவுவது எண்ணுக்குக் கீழே இருக்கும் மூன்று சிறிய வரிகள்: கொள்ளளவு, சுமை வரம்பு, வெற்று எடை. எல்லாம் பவுண்டில். கீழ் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வெற்று எடை 45,300, சுமை வரம்பு 1,23,700 என்றால் கூட்டல் 1,69,000. இது 50 டன் வேகனுக்கு உரிய மொத்த வரம்பு. அச்சுமுனை (பேரிங்குக்குள் சுழலும் அச்சின் நுனி) அளவு 5½ அங்குலம் விட்டம், 10 அங்குலம் நீளம். கூட்டல் 1,36,000 வந்தால் 40 டன் வேகன், அச்சுமுனை 5-க்கு 9. கூட்டல் 2,10,000 வந்தால் 70 டன், 6-க்கு 11. போகியையே (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத் தொகுதி) பிறகு யாரோ மாற்றியிருந்தாலும், இந்த வரிகளை எழுதியபோது இருந்த போகியின் அளவை இந்தக் கணக்கு சொல்லிவிடும். கணக்கு இவற்றில் எதற்கும் ஒத்துவராமல் குறைந்தால், சுமை வரம்பு வரியின் முன்னால் நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள். வேகனின் கட்டமைப்புப் பலவீனத்தால் உரிமையாளரே வரம்பைக் குறைத்திருக்கிறார் என்று அதற்குப் பொருள்.

வெற்று எடைக்குப் பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். பலர் இதைக் கட்டிய தேதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கடைசியாக எடை போட்ட தேதி. அதோடு 'நியூ' என்ற சொல் இருந்தால் மட்டுமே புது வேகனாக எடை போட்ட தேதி. வேறு எழுத்துகள் இருந்தால் அவை மறு எடை போட்ட நிலையத்தின் குறி. கட்டிய தேதி தனியாக, வழக்கமாகச் சுவரின் எதிர் முனையில், 'பி.எல்.டி.' என்ற எழுத்துகளோடு இருக்கும். இந்த ஒரு குழப்பத்தால் பத்து, பதினைந்து ஆண்டு பிழையோடு நிற்கும் தகவல் பலகைகள் உண்டு.

அடுத்து அடிச்சட்டத்துக்குக் கீழே போக வேண்டும். இங்கேதான் நிதானம் தேவை. பாகங்கள் தரும் சாட்சி ஒருவழிச் சாட்சி. எந்த வழி என்று தெரியாமல் பயன்படுத்தினால் தவறான பக்கம் இழுத்துச் செல்லும்.

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 'கே' வகையின் வழக்கமான அமைப்பில் காற்றுத்தொட்டி, சிலிண்டர், வால்வு மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே உருளைபோலத் தெரியும். 1933-இல் வந்த 'ஏ.பி.' வகையில் மூன்றும் தனித்தனியாகத் தொங்கும். தொட்டி மட்டுமே இரட்டை அறை கொண்டது. 'ஏ.பி.' இருப்பதால் வேகன் 1933-க்குப் பிறகு கட்டப்பட்டது என்று முடிவு கட்டக்கூடாது. 1953-இல் 'கே' வகை பிற கம்பெனித் தடங்களில் தடை செய்யப்பட்டதால், 1915-இல் கட்டிய வேகனுக்கும் 'ஏ.பி.' மாட்டினார்கள். மாறாக 'கே' இன்னும் இருந்தால், அந்த வேகன் 1953-க்கு முன்பே பொதுச் சேவையிலிருந்து விலகி எங்கோ ஒதுங்கியது என்று துணிந்து சொல்லலாம். அப்படி ஒதுங்கிய வேகன்தான் மாறாமல் பிழைத்திருக்கும். அந்த 'கே' பிரேக்கைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

போகியிலும் இதே கதைதான். தட்டைப் பட்டைகளை வளைத்து போல்ட் போட்டுக் கட்டியது ஆர்ச்-பார் போகி. போல்ட்கள் தளர்ந்து விபத்துகள் நடந்ததால் 1941-இல் பொதுச் சேவையிலிருந்து தடை செய்யப்பட்டது. ஆண்ட்ரூஸ் போகியில் பக்கச்சட்டம் வார்ப்பு எஃகு, ஆனால் அச்சுப்பெட்டிகள் தனியாகச் செய்து போல்ட் போட்டவை. அதன்பின் வந்தவற்றில் சட்டமும் அச்சுப்பெட்டியும் ஒரே வார்ப்பு. வார்ப்பில் தயாரிப்பாளர் பெயரும் தேதியும் இருக்கலாம், குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது போகியின் தேதி. சக்கரங்கள் இன்னும் எளிதாக மாறுபவை. பின்புறம் வளைந்த விசிறி விலாக்கள் தெரிந்தால் அது பழைய வார்ப்பிரும்புச் சக்கரம். வேகனின் வயதுக்குச் சாட்சியாக இதை எடுக்காதீர்கள். ரோலர் பேரிங் இருந்தால் நீராவிக் காலத்துக்குப் பிறகு மாற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

கைப்பிரேக் ஓரளவு நம்பலாம். கூரைக்கு மேல் செங்குத்துத் தண்டின் உச்சியில் கிடையாகப் படுத்திருக்கும் சக்கரம் பழைய முறை. முனைச்சுவரில் பல்சக்கரப் பெட்டியோடு நிமிர்ந்து நிற்கும் சக்கரம் 1937 முதல் புது வேகன்களில் கட்டாயம். கூரையின் மேல் ஓடும் நடைபலகை மரம் என்றால் 1940-களின் நடுப்பகுதிக்கு முன் கட்டப்பட்டதாக இருக்க வாய்ப்பு. அதன்பின் புது வேகன்களுக்கு உலோக நடைபலகை விதியானது. நடைபலகையே இல்லை, ஏணியும் பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது என்றால் பதறாதீர்கள். 1966-க்குப் பிறகு புது வேகன்களில் நடைபலகையைக் கைவிட்டார்கள், பழையவற்றிலும் படிப்படியாகக் கழற்றினார்கள். கூரையில் அதன் தாங்கிகளின் தடம் இருக்கும்.

இனி உடல். மூடிய பாக்ஸ்காருக்கு உட்புறமாக அளவெடுங்கள். கம்பெனிகளின் வேகன்களைப் பட்டியலிடும் பதிவேடுகளில் இருப்பது உள்ளளவு. '40 அடி வேகன்' என்பது பெரும்பாலும் உள்ளே 40 அடி 6 அங்குலம். எஃகு பாக்ஸ்காரில் உள்ளுயரம் காலத்தைக் காட்டும் அளவுகோல். பென்சில்வேனியா ரயில்வே 1924 முதல் பல்லாயிரக்கணக்கில் கட்டிய எக்ஸ்-29 வகை 8 அடி 7 அங்குலம். 1932-இன் பொது வடிவமைப்பு 9 அடி 4 அங்குலம். 1937-இன் வடிவமைப்பு 10 அடி. போருக்குப் பின் 10 அடி 6 அங்குலம் வழக்கமானது. இந்த உயரம் 1930-களின் இறுதியிலேயே சில கம்பெனிகளில் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து 'போருக்குப் பின்' என்று எழுதிவிடாதீர்கள்.

அதற்கு முனைச்சுவரைக் கேளுங்கள். 'டிரெட்நாட்' எனப்படும் நெளிவுத் தகட்டுச் சுவரில் தடித்த கிடைவிலாக்கள் இருக்கும். இரண்டு விலாக்களுக்கு இடையே ஓரங்களில் சின்ன ஈட்டிமுனை போன்ற மேடுகள் இருந்தால் பழைய வகை. 1940-களின் நடுவில் வந்த மேம்பட்ட வகையில் விலா நடுவில் பருத்து, இரு நுனியிலும் சட்டென்று மெலியும். அப்படியே சப்பாத்திக் கட்டை வடிவம். விலாக்களை மேல் தகடு எத்தனை, கீழ்த்தகடு எத்தனை என்று பிரித்து எண்ணுங்கள். 9 அடி 4 அங்குல வேகனில் 4-க்கு 4, பத்தடி வேகனில் 4-க்கு 5 என்பது பரவலான அமைப்பு. கூரைத் தகட்டில் மேடுகள் சதுரமாகவா, மூலைவிட்டமாகவா என்றும் பாருங்கள்; மூலைவிட்ட மேடு 1940-களின் கடைசியில் வந்தது.

சில வேகன்கள் தூரத்திலிருந்தே பெயர் சொல்லும். பக்கச்சுவரில் கிடையாக நீண்ட விலாக்கள் ஓடினால் மில்வாக்கி ரோடு தன் சொந்தப் பணிமனையில் வெல்டிங் செய்து கட்டியது. பக்கத் தகடே வளைந்து கூரையாக மேலேறினால் பால்டிமோர் அண்ட் ஓஹையோவின் 'வேகன்-டாப்'. வெளிச்சட்டம் தெரியும் ஒற்றைப் பலகைச் சுவர் என்றால் கதவின் இரு பக்கமும் எத்தனை கட்டங்கள், சாய்சட்டம் கதவை நோக்கி இறங்குகிறதா ஏறுகிறதா என்று குறியுங்கள். முதல் உலகப் போரின்போது மத்திய அரசின் ரயில்வே நிர்வாகம் 1918-இல் ஒரே வரைபடங்களின்படி சுமார் ஒரு லட்சம் வேகன்களுக்கு ஆர்டர் கொடுத்துக் கம்பெனிகளுக்குப் பங்கிட்டது. ஒரே தோற்றமுள்ள வேகன் பல கம்பெனிகளில் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐஸ் வேகன்களை பாக்ஸ்கார் என்று தவறாக எழுதுவது சாதாரணமாக நடக்கிறது. கூரையின் நான்கு மூலையிலும் சதுர ஒட்டுத் தகடு இருந்தால் அங்கே ஐஸ் கொட்டும் திறப்பு இருந்தது. கதவு சுமார் 4 அடி அகலத்தில் கீலில் திறக்கும் இரட்டைக் கதவு, பாக்ஸ்காரின் 6 அடி இழுவைக் கதவு அல்ல. ஐஸோடு உப்பும் போட்டதால் உப்புநீர் வடிந்து, முனைகளில் அடிச்சட்டம் அதிகமாக அரித்திருக்கும். அந்த அரிப்பே ஒரு சான்று. சுவர் முழுக்க இறைச்சி, பீர் விளம்பரத்தோடு மீட்டெடுக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: குத்தகை வேகன்களில் அத்தகைய விளம்பரங்களை 1934-இல் வந்த தீர்ப்பு தடுத்தது, 1937-இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 1940-களின் பாகங்களோடு நிற்கும் வேகனுக்கு அந்த அலங்காரம் பொருந்தாது.

நிலக்கரியைக் கீழ்க்கதவு வழியாகக் கொட்டும் ஹாப்பர் வேகன்களில் பக்கத் தகட்டை நம்பாதீர்கள். ஈர நிலக்கரியின் கந்தகம் தகட்டைத் தின்றுவிடும், பலவற்றுக்குத் தகடு முழுக்க மாற்றப்பட்டிருக்கும். கீழ்க்கதவுகளின் எண்ணிக்கையும் நடு உத்தரமும்தான் உறுதி. இரண்டு கதவுக்கூடு என்றால் பதிவேட்டில் எச்.எம்., மூன்றோ அதற்கு மேலோ என்றால் எச்.டி. டேங்கரில் தொட்டிச் சுவரிலேயே 103, 104, 105 போன்ற விதி எண்ணும் சோதனைத் தேதிகளும் எழுதப்பட்டிருக்கும். 105 என்றால் காப்புறையிட்ட உயர் அழுத்தத் தொட்டி.

இவ்வளவும் கையில் சேர்ந்தபிறகு பதிவேட்டுக்குப் போங்கள். 'அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர்' ஒவ்வொரு கம்பெனியின் எண் வரிசைகளையும் உள்ளளவு, கதவகலம், கொள்ளளவோடு பட்டியலிடுகிறது. எண்ணில் இரண்டு இலக்கம் அழிந்திருந்தாலும், 10 அடி உயரம், 6 அடி கதவு, 50 டன் என்று மூன்று அளவும் ஒத்துப்போகும் வரிசைகள் ஒன்றிரண்டுக்குமேல் தேறாது. ஒரே ஆண்டு இதழோடு நிறுத்தாமல், பத்தாண்டு இடைவெளியில் இன்னொன்றையும் பாருங்கள். எண் மாறிய வரிசைகள் அப்போதுதான் பிடிபடும். கட்டியவர் புல்மன்-ஸ்டாண்டர்ட் என்று தெரிந்தால் இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகத்தின் புல்மன் நூலகத்தை எழுதிக் கேட்கலாம்.

அறிக்கை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று போடுங்கள்: 'எழுத்திலிருந்து', 'அளவிலிருந்து', 'பதிவேட்டிலிருந்து', 'ஊகம்'. மாற்றவேண்டிய பாகத்தைக் கழற்றினால் வேகன் எண்ணும் இருந்த மூலையும் எழுதிய உலோகச் சீட்டை அதில் கம்பியால் கட்டி, கொட்டகைக்குள் வையுங்கள். மணல் வீசியே ஆகவேண்டுமென்றால், ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்து அடுக்குகள் உள்ள ஓரடிக்கு ஓரடிச் சதுரம் ஒன்றையாவது மூடிக் காப்பாற்றி, அதன்மேல் நீக்கக்கூடிய வார்னிஷ் பூசுங்கள்.