கிளவுட் ஃபயர்வால்: இணையச் செயலி அரண்

ஃபயர்வால் என்பது முதலில் கட்டடக்காரர்களின் சொல். நெருக்கமாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவாமல் இருக்க, இடையில் எழுப்பிய கனத்த சுவருக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு, வாகனத்தில் என்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் பகுதிக்கும் நடுவில் உள்ள தகடும் ஃபயர்வால் ஆனது. 1980களின் கடைசியில்தான் கணினி வலையமைப்புக்கு, அதாவது வெளியிலிருந்து வரும் தகவலைச் சோதித்து வேண்டாததை மறிக்கும் ஏற்பாட்டுக்கு, இந்தச் சொல் வந்தது. 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்ற, கணினிக்குக் கணினி தானே தாவும் நிரல் இணையத்தில் பரவியதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பொருத்தமாகப்பட்டதில் வியப்பில்லை.

தொடக்க கால ஃபயர்வால்கள் எந்த முகவரியிலிருந்து எந்தப் போர்ட்டுக்கு (கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) தகவல் வருகிறது என்பதை மட்டுமே பார்த்தன. ஆனால் இணையத்தில் தொழில் நடத்துபவர் பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான 443ஆம் போர்ட்டைத் திறந்துதான் வைக்க வேண்டும். வாடிக்கையாளரும் அதன் வழியாகத்தான் வருவார், தாக்க வருபவரும் அதன் வழியாகத்தான் வருவார். பயனர் பெயர் கேட்கும் கட்டத்தில் டேட்டாபேஸ் கட்டளை ஒன்றைச் செருகி அனுப்பினால் (எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது இதைத்தான்) முகவரியும் சரி, போர்ட்டும் சரி. உள்ளே இருப்பதுதான் விஷம். அந்த உள்ளடக்கத்தையே படித்துப் பார்ப்பது வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால், சுருக்கமாக வாஃப். 2002இல் வந்த மாட்செக்யூரிட்டி என்ற திறமூல மென்பொருள் இதைப் பலருக்கும் எட்டச் செய்தது.

கிளவுட் வகையில் இந்தச் சோதனை உங்கள் சர்வரில் நடப்பதில்லை. பெரும்பாலும் டிஎன்எஸ் பதிவை (தளத்தின் பெயர் எந்தக் கணினி முகவரியைக் குறிக்கிறது என்னும் பதிவு) மாற்றிவிட்டால் போதும், எல்லாக் கோரிக்கைகளும் முதலில் சேவை நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகும். அங்கே குறியாக்கம் பிரிக்கப்பட்டு, விதிகளோடு ஒப்பிடப்பட்டு, தேறியவை மட்டும் உங்களிடம் வரும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற, பல மென்பொருள்களுக்குள் இருக்கும் பதிவேட்டு நிரலில் ஓட்டை இருப்பது வெளியானபோது இதன் பலன் நன்றாகத் தெரிந்தது. நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் திருத்துவதற்குள், கிளவுட் சேவைகள் புது விதிகளை எழுதி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே நேரத்தில் போட்டன. விதிகளை ஏமாற்றும் மாற்று வடிவங்களும் உடனே கிளம்பின. ஆகவே மென்பொருளைத் திருத்தும் வேலை தள்ளிப்போடக் கூடியதல்ல. இன்னொன்று, பலர் மறப்பது: உங்கள் சர்வர் அந்தச் சேவையின் முகவரிகளிலிருந்து வருவதை மட்டுமே ஏற்க வேண்டும். இல்லையென்றால் நேர் முகவரி தெரிந்தவர் வாஃபைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தீச்சுவர், நெருப்புச்சுவர், தீயரண் மூன்றும் புழக்கத்தில் உள்ளன. என் தேர்வு தீயரண். சுவர் எல்லாவற்றையும் ஒரேபோல மறிக்கும். அரண் என்றால் வாயிலும் காவலும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. திருக்குறளின் 75ஆம் அதிகாரம் நீர், வெளிநிலம், மலை, காடு ஆகியவற்றையும் அரண் என்கிறது. கட்டடத்தை ஒட்டியிராமல் தொலைவில் நின்று காப்பதும் அரணே என்பதால், கிளவுட் வகைக்கும் இச்சொல் இயல்பாகப் பொருந்தும். வாஃபுக்கு ‘இணையச் செயலி அரண்’, கிளவுட் வகைக்கு ‘மேகவழி இணையச் செயலி அரண்’ என்று எழுதலாம். இந்த அரண் மறிப்பது தீயை அல்ல என்பதால் இங்கே ‘தீ’யை விட்டுவிடலாம்.