உடான் திட்டமும் நீலகிரிக்காரர்களும்: சின்ன விமானத்தில் நமக்கு என்ன கிடைக்கும்?

ஊட்டிக்கு எப்போது விமானம் வரும் என்று கோடை சீசன் தொடங்கினாலே யாராவது கேட்டுவிடுகிறார்கள். ரயில் இருக்கிறது, அரசு உதவித் திட்டமும் இருக்கிறது, அப்புறம் என்ன தடை என்பது அவர்கள் கேள்வி. நேராகச் சொல்லிவிடுகிறேன்: மலைமேல் விமானம் இறங்காது. ஆனால் அதே திட்டத்தால், மலையை விட்டு இறங்கிய பிறகு நமக்குப் பயன் உண்டு. அது பலருக்குத் தெரியாமலே போகிறது என்பதுதான் என் வருத்தம்.

உடான் என்பது மத்திய அரசு 2016 அக்டோபரில் தொடங்கிய மண்டல விமான இணைப்புத் திட்டம். விமானமே வராத, அல்லது எப்போதாவது வருகிற விமான நிலையங்களுக்கானது. ஒரு வழித்தடத்துக்கு விமான நிறுவனங்கள் ஏலம் கேட்கும். யார் குறைவான அரசு உதவி கேட்கிறார்களோ அவர்களுக்கு மூன்று வருடம் அந்தத் தடம் கிடைக்கும். பதிலுக்கு அவர்கள் விமானத்தில் பாதி இருக்கைகளை, அரசு சொன்ன உச்சவரம்புக்குள் விற்க வேண்டும். தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்துக்கு, அதாவது 500 கிலோமீட்டருக்கு, 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். தூரத்தைப் பொறுத்து இது மாறும், விலைவாசியை ஒட்டியும் திருத்தப்படும். செலவுக்கும் வருமானத்துக்கும் நடுவே விழும் துண்டை அரசு கட்டும். அதில் மத்திய அரசின் நிதி 80 சதவீதம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் பங்கு 20 சதவீதம்.

இந்த 'பாதி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். குறைந்தது 9 இருக்கை, அதிகபட்சம் 40. 180 பேர் போகும் ஜெட் வந்தாலும் 40 பேருக்குத்தான் அந்தக் கட்டணம், கால்வாசி கூட இல்லை. 78 இருக்கை உள்ள ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் வந்தால் 39 பேருக்குக் கிடைக்கும். 48 இருக்கை உள்ள ஏடிஆர் 42 என்றால் 24 பேர். சாதாரண மக்களுக்கான திட்டம் பெரும்பாலும் புரொப்பெல்லர் சுற்றுகிற சின்ன விமானங்களை நம்பியே நடப்பதற்கு இது ஒரு காரணம்.

புரொப்பெல்லர் என்றதும் பழைய காலத்து விமானம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அப்படி இல்லை. இவற்றைச் சுழற்றுவதும் டர்பைன் எஞ்சின்தான். குறைந்த தூரத்துக்கு ஜெட்டைவிட இவை எரிபொருளை மிச்சம் பிடிக்கும், சின்ன ஓடுதளமும் போதும். ஏடிஆர் 72 மணிக்கு சுமார் 510 கிலோமீட்டர் வேகம் போகும். கனடாவின் க்யூ400 அதைவிட வேகம், சுமார் 660. ஆனால் 400 கிலோமீட்டர் பயணத்தில் இந்த வேகத்தால் மிச்சமாவது பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியுள்ள எஞ்சின்களைச் சுமக்க வேண்டும். கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கும் தடத்தில் ஏடிஆரே பொருத்தம் என்பது என் எண்ணம். க்யூ400 உற்பத்தி 2021-லேயே நின்றும் போனது. இன்னும் சின்னது 19 இருக்கை டோர்னியர் 228. இதை கான்பூரில் நம் அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் கட்டுகிறது.

சரி, இவ்வளவு சின்ன விமானங்கள் இருக்கும்போது ஊட்டியில் ஏன் முடியாது? ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடலோரத்தில் இருக்கும் காற்றின் அடர்த்தியில் ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே. காற்று மெலிந்தால் எஞ்சினின் சக்தி குறையும், புரொப்பெல்லரின் இழுவை குறையும், இறக்கையின் தூக்கும் விசையும் குறையும். விமானம் எழும்ப இன்னும் நெடுந்தூரம் ஓட வேண்டும். உயரம் 300 மீட்டர் கூடினால் ஓடுதளத்தை 7 சதவீதம் நீட்ட வேண்டும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால், தரைமட்டத்தில் 1,100 மீட்டர் போதும் என்கிற ஏடிஆர் 42-க்கு இங்கே 1,650 மீட்டருக்கு மேல் வேண்டும். சிம்லாவில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். உடானின் முதல் விமானமே 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்ததுதான். 1,500 மீட்டர் உயரம், சுமார் 1,200 மீட்டர் ஓடுதளம். அங்கிருந்து ஏடிஆர் 42 எல்லா இருக்கைகளையும் நிரப்பிக்கொண்டு கிளம்ப முடியவில்லை.

நம் மலையில் அவ்வளவு நீளத்துக்குச் சமதளம் வேண்டுமென்றால் ஒரு குன்றை வெட்டி ஒரு பள்ளத்தை நிரப்ப வேண்டும். 2009 நவம்பரில் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அந்த வேலையை இங்கே யாரும் கேட்கவே கூடாது. ஹெலிகாப்டரும் உடானில் சேர்த்திதான். ஊட்டி தீட்டுக்கல்லில் இறங்குதளமும் இருக்கிறது. ஆனால் இந்த மலையின் மூடுபனி எப்படித் திடீரென்று இறங்கும் என்பது நமக்குத் தெரியும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பச்சத்திரத்தில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தை யாரும் மறக்கவில்லை.

ஆகவே கீழே பார்ப்போம். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கோவைதான் பக்கம். அது ஏற்கெனவே ஜெட் விமானங்கள் வந்துபோகும் பெரிய நிலையம். உடான் நிலையம் ஒன்றுக்குப் போகும் ஏலத் தடமாக இருந்தால் ஒழிய, அங்கே உச்சவரம்புக் கட்டணத்தை எதிர்பார்க்க முடியாது. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு மைசூர் இருக்கிறது. அங்கே ஓடுதளம் 1,740 மீட்டர்தான், அதனால் ஏடிஆர் அளவுக்குத்தான் இடம். 2017-லேயே உடானில் சென்னைக்கு விமானம் தொடங்கிய ஊர் அது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சின்ன விமானம் என்பதாலேயே அது உடான் விமானம் ஆகிவிடாது. மூன்று வருட உதவி முடிந்ததும் கட்டணக் கட்டுப்பாடும் போய்விடும். சில சமயம் விமானமே நின்றுவிடும். சேலத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சேவை 2021-ல் நின்று, 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. அதனால் அந்தத் தடம் இப்போதும் திட்டத்தில் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு விண்ணப்பம், அட்டை, வருமானச் சான்று எதுவும் கிடையாது. பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வழக்கமான டிக்கெட்தான். 39 இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் தேதி முடிவானதும் எடுத்துவிடுவது நல்லது. ஏடிஆரில் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி சின்னது. ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கிப் போகிறவர்கள் அதைக் கைப்பையில் தனியாக வைத்துக்கொண்டால் நொறுங்காது.

மைசூர் வழியாக வருகிறவர்கள் இறங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். நிலையம் நஞ்சன்கூடு சாலையிலேயே மண்டகள்ளியில் இருப்பதால் ஊருக்குள் போக வேண்டாம், அப்படியே குண்டல்பேட் வந்துவிடலாம். ஆனால் பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். மாலை விமானம் ஒரு மணி நேரம் தாமதமானாலும் அன்றிரவு குண்டல்பேட்டிலேயே தங்க வேண்டி வரலாம். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்கள் காலை விமானமாகப் பார்த்து எடுங்கள்.