சரிஞ்ச மலை எங்க போகுது?

1950 ஆகஸ்ட் 15, சாயங்காலம் ஏழரை மணி தாண்டி, அஸ்ஸாமுக்கு வடகிழக்குல திபெத் எல்லைய ஒட்டுன மலைக்குள்ள 8.6 அளவுல ஒரு நிலநடுக்கம் வந்துச்சு. கண்டமும் கண்டமும் மோதுற இடங்கள்ல இதுவரைக்கும் பதிவானதுலயே பெருசு அதுதான். செடி சேகரிக்கப் போன ஃபிராங்க் கிங்டன்-வார்டுங்கற பிரிட்டிஷ்காரர் அன்னைக்கு மனைவியோட ரிமா ஊர் பக்கத்துல கூடாரம் போட்டுத் தங்கியிருந்தாரு, மையத்துக்கு ரொம்ப கிட்ட. ரெண்டு பேரும் உயிர் தப்பினாங்க, சுத்தியிருந்த மலைச்சரிவெல்லாம் உரிஞ்சு விழுந்தத அவர் பிறகு எழுதியும் வெச்சாரு. அன்னைக்குச் சரிஞ்ச மண்ணும் பாறையும் 40 கன கிலோமீட்டருக்கு மேல இருக்கும்னு ஒரு பழைய மதிப்பீடு இருக்கு. மேட்டூர் அணை முழுசா ரொம்பினா பிடிக்கறது சுமார் 2.6 கன கிலோமீட்டர் தண்ணி, அப்ப பதினஞ்சு மேட்டூர் அளவுக்கு மண்ணு ஒரே ராத்திரில மலைய விட்டு இறங்கிருக்கு.

இவ்வளவு மண்ணு எங்க போச்சு? நிலச்சரிவுன்னா நமக்குச் செய்தில ரெண்டு வாரம் ஓடுற விஷயம், மீட்புப்படை வரும், நிவாரணம் அறிவிப்பாங்க, அதோட நிப்பாட்டிடுவோம், ஆனா மண்ணோட கதை அங்கதான் ஆரம்பிக்குது, அது ஆத்துல இறங்கி பல பத்து வருஷம் நடந்து நடந்து ஒரு நாட்டையே கட்டிட்டு மிச்சம் இருக்கறது கடலடியில இலங்கையத் தாண்டிப் போகுது.

முதல்ல மலைச்சரிவுல மண்ணு விழாம ஏன் நிக்குதுன்னு பாக்கணும். பாறை மேல மழைத்தண்ணி படப்பட, அந்தத் தண்ணில கரைஞ்சிருக்கற கார்பன் டைஆக்சைடு லேசான அமிலமா வேலை செஞ்சு, பாறைல உள்ள சில கனிமங்கள மெதுவா களிமண்ணா மாத்திடும். வேர் இடுக்குல நுழையும், குளிர்ல தண்ணி உறைஞ்சு விரிசல அகலப்படுத்தும், இப்படியே பல்லாயிரம் வருஷத்துல பாறைக்கு மேல ஒரு மண் போர்வை உருவாயிடும். அந்தப் போர்வைய புவியீர்ப்பு கீழ இழுத்துட்டே இருக்கு. மண் துகளுக்கு நடுவுல இருக்கற உராய்வும், களிமண்ணோட ஒட்டுற தன்மையும், மர வேரும் சேந்துதான் அதப் பிடிச்சு வெச்சிருக்கு.

மழை பெஞ்சா மண்ணு கனமாகி விழுதுன்னுதான் நிறைய பேர் நினைக்கறாங்க. கனமும் ஒரு காரணம்தான், ஆனா பெரிய காரணம் வேற. மண்ணுல துகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி முழுக்கத் தண்ணி ரொம்பி, அந்தத் தண்ணிக்கு வெளிய போக வழி இல்லாதப்ப உள்ள ப்ரெஷர் ஏறும், அந்த ப்ரெஷர் துகள்கள ஒண்ண விட்டு ஒண்ணு தள்ளும், துகள் ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தி உக்காந்திருந்தாத்தானே உராய்வு, அந்த அழுத்தம் போச்சுன்னா உராய்வும் போச்சு. அதனாலதான் பல நாள் விடாம நனைஞ்ச மலைல கடைசியா ஒரு ராத்திரி கொட்டுற மழை அவ்வளவு ஆபத்து. 2024 ஜூலை 30 விடியக்காலைல வயநாட்டுல நடந்தது இதுதான். சுமார் 1550 மீட்டர் உயரத்துல ஆரம்பிச்ச சரிவு, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரம் ஓடையோட பாதையிலயே ஓடி முண்டக்கை, சூரல்மலை ஊர்கள அடிச்சுட்டுப் போனத இஸ்ரோ செயற்கைக்கோள் படத்துல அளந்தாங்க. மேல உடைஞ்சப்ப அது மண்ணு, கொஞ்ச தூரத்துலயே தண்ணியும் மண்ணும் கலந்த கெட்டிக் குழம்பு, அந்தக் குழம்போட அடர்த்தி தண்ணிய விட ரொம்ப அதிகம்ங்கறதால வீடு சைஸ் பாறையையும் தூக்கிட்டுப் போகும். அதே இடத்துல ஏற்கனவே சரிஞ்ச தடயமும் பழைய படத்துல இருந்துச்சு. ஒரு தடவ சரிஞ்ச இடம் மறுபடி சரியறதுக்கு வாய்ப்பு அதிகம், வீடு கட்ட இடம் பாக்கறவங்க இத ஒண்ண மட்டுமாவது கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

1950க்கு வருவோம். சரிஞ்ச மண்ணு பல ஆத்த மறிச்சுக்கிச்சு. பிரம்மபுத்திரால போய்ச் சேர்ற சுபன்சிரி ஆத்துல இப்படி உருவான மண் அணை எட்டு நாள் கழிச்சு உடைஞ்சு, 7 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி பாய்ஞ்சு 532 பேர் செத்தாங்க. நடுக்கம் வந்து ஒரு வாரம் ஆன பிறகு வந்த வெள்ளம் அது. இந்த மாதிரி அணை யாரும் கட்டுனது இல்ல, உபரி நீர் போக மதகு கிடையாது, தண்ணி மேல வழிய ஆரம்பிச்சதும் வழியற இடத்தையே அரிச்சு பள்ளமாக்கும், பள்ளம் பெருசாக ஆக தண்ணி இன்னும் வேகமா அரிக்கும், சில மணி நேரத்துல மொத்தமா போயிடும்.

அப்பறம் பிரம்மபுத்திரா. திபெத்துல சுமார் 2900 மீட்டர் உயரத்துல ஓடிட்டிருக்கற ஆறு, நம்சா பர்வா மலைய வளைச்சு ஒரு பெரும் பள்ளத்தாக்குல விழுந்து, பாசிகாட் பக்கம் சமவெளிக்கு வர்றப்ப உயரம் 150 மீட்டர்தான். அங்கிருந்து கடலுக்கு இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல போகணும். ஆத்துக்கு எவ்வளவு மண்ணத் தூக்க முடியும்ங்கறது அதோட வேகத்தப் பொறுத்தது, சரிவு குறைஞ்சா வேகம் குறையும், கையில இருக்கறத கீழ வெச்சாகணும். பெரிய கல்லு மலையடிவாரத்துலயே நின்னுடும், அப்பறம் கூழாங்கல்லு, அப்பறம் மணல், கடைசில வண்டலும் களிமண்ணும். அசையாத தண்ணில ஒரு மீட்டர் இறங்க சாதாரண மணலுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது, நுண்ணிய களிமண் துகளுக்கு நாலு நாளுக்கு மேல ஆகும், அதுவும் தண்ணி துளி கூட கலங்காம இருந்தாத்தான். அதான் களிமண்ணு கடல் வரைக்கும் போயிடுது.

நிலநடுக்கத்துக்கு அப்பறம் வந்த மணல்ல, அஸ்ஸாம்ல இருக்கற திப்ருகர்ல ஆத்தோட படுகை சுமார் 3 மீட்டர் உசந்துடுச்சு. படுகை உசந்தா ஆறு பக்கவாட்டுல போகும், வேற வழி இல்ல. கரைய அரிச்சு அரிச்சு 1954 வாக்குல திப்ருகர் டவுன்ல ஒரு பெரிய பகுதியவே ஆறு எடுத்துக்கிச்சு, அவசர அவசரமா அணைக்கரை போட்டாங்க. கீழ, ஆத்துக்கு நடுவுல இருக்கற மாஜூலித் தீவு வருஷா வருஷம் கரைஞ்சுட்டே வருது. ஒரு பக்கம் மண்ணு அதிகமா வந்து சேருது, அதே காரணத்தால இன்னொரு பக்கம் ஊரு காணாமப் போகுது. நுண்ணிய வண்டல் சில வருஷத்துலயே வங்காள விரிகுடா வரைக்கும் வந்து ஆறு கடல்ல சேர்ற மேக்னா முகத்துவாரத்துல புது நிலமா சேந்துடுச்சு, மணல் மட்டும் மெதுவா நகர்ந்து கீழ வர அரை நூற்றாண்டு பிடிச்சிருக்குன்னு பங்களாதேஷ்ல ஆத்த ஆராயறவங்க சொல்றாங்க.

இவ்வளவு போயும் மலை ஏன் தீரல? இந்தியத் தட்டு இன்னும் வருஷத்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வடக்க நகர்ந்து முட்டிட்டே இருக்கு, அது ஒரு காரணம். இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மலை பூமிக்கு உள்ள இருக்கற அடர்த்தியான பாறை மேல மிதந்துட்டிருக்கு, சரக்கு இறக்க இறக்க தோணி மேல எழும்பற மாதிரி, மண்ண எடுக்க எடுக்க மலையும் எழும்புது. ஒரு பரந்த பகுதில சராசரியா 100 மீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்தா கிட்டத்தட்ட 80 மீட்டர் திரும்ப எழும்பிடும், நிகரமா குறையறது 20 மீட்டர்தான். நம்சா பர்வா பக்கம் உலகத்துலயே வேகமா அரிக்கற இடங்கள்ல ஒண்ணு, பிரம்மபுத்திராவோட வண்டல்ல பெரும்பங்கு அந்தச் சின்ன இடத்துலேர்ந்துதான் வருது, ஆனா மலை இன்னைக்கும் 7,782 மீட்டர்ல நிக்குது.

கங்கையும் பிரம்மபுத்திராவும் சேந்து வருஷத்துக்கு சுமார் 100 கோடி டன் வண்டல் கொண்டு வருது. ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு வெள்ளச் சமவெளில தங்கும், ஒரு பங்கு டெல்டாவுக்கு முன்னாடி ஆழமில்லாத கடல்ல சேரும், மிச்சம் ஆழ்கடலுக்கு. ஆத்துத்தண்ணி உப்புத்தண்ணியத் தொட்டதும் களிமண் துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகி வேகமா கீழ இறங்கும், டெல்டா உருவாக இது ஒரு முக்கியக் காரணம். ஆழ்கடலுக்குப் போறதுக்கு கடலடியிலயே ஒரு பள்ளத்தாக்கு இருக்கு, சுந்தரவனத்துக்குத் தெக்க. அதோட ஓரத்துல குவியற வண்டல் புயல்லயோ நடுக்கத்துலயோ சரிஞ்சு, தண்ணிக்குள்ளயே கலங்கலான வெள்ளமா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். தண்ணிக்கு மேலயும் சரி, கீழயும் சரி, நிலச்சரிவு நிலச்சரிவுதான்.

இப்படி சேந்ததுதான் வங்காள விசிறி. உலகத்துலயே பெரிய வண்டல் குவியல், நீளம் சுமார் 3000 கிலோமீட்டர், வடக்குல சில இடத்துல கனம் 16 கிலோமீட்டர் வரைக்கும், எவரெஸ்டுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. தெக்க நிலநடுக்கோட்டையும் தாண்டிப் போகுது. 2015ல ஜாய்டிஸ் ரெசல்யூஷன்ங்கற ஆய்வுக்கப்பல் 8 டிகிரி வட அட்சரேகைல, அதாவது நம்ம கன்னியாகுமரிக்கு நேர் கிழக்க நடுக்கடல்ல, வரிசையா ஏழு இடத்துல துளை போட்டு மண்ணு எடுத்துச்சு. காக்காப்பொன்னுன்னு சொல்லுவோம்ல, அந்த மைக்கா மின்னுற இமயமலை மணலும் வண்டலும் அங்க கிடைச்சுது. அடுக்கு அடுக்கா இருக்கற அந்த வண்டல்ல எந்தக் கனிமம் எப்ப எவ்வளவு வந்துச்சுன்னு பாத்து, கோடி வருஷத்துக்கு முன்னாடி மலை எவ்வளவு வேகமா அரிச்சுது, மழை எப்படி இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கறாங்க. மலைல அந்த ஆதாரம் இல்ல, மலையத்தான் அரிச்சு எடுத்தாச்சே.

டெல்டா தானா அமுங்கிட்டே இருக்கற நிலம். புது வண்டல் தன்னோட கனத்துலயே இறுகும், வருஷா வருஷம் மேல மண்ணு சேந்தாத்தான் கடல் மட்டத்துக்கு மேல நிக்கும். மேட்டூர் அணை 1934ல வந்ததுலேர்ந்து காவிரி வண்டல்ல பெரும்பகுதி அங்கயே தங்கிடுது, அணை கொள்ளளவு குறையுது, தஞ்சாவூர்ப் பக்கம் வயலுக்கு வர்ற வண்டலும் குறையுது. பங்களாதேஷ்ல பிரச்சினை வேற வடிவத்துல வந்துச்சு. 1960கள்ல உப்புத்தண்ணி வராம இருக்க கடலோர ஊருகளச் சுத்தி மண்கரை கட்டுனாங்க, விளைச்சல் கூடுச்சு, ஆனா ஓதத்தோட, அதாவது தினமும் ஏறி இறங்கற கடல் தண்ணியோட, வந்துட்டிருந்த வண்டலும் நின்னுபோச்சு. சில பத்து வருஷத்துல கரைக்கு உள்ள இருக்கற நிலம் வெளிய இருக்கறத விட ஒரு மீட்டருக்கு மேல தாழ்ந்துடுச்சு. 2009 மே மாசம் ஐலா புயல்ல அந்தக் கரைகள்ல ஒண்ணான 32ம் நம்பர் கரை உடைஞ்சு, அடைக்க முடியாம ரெண்டு வருஷம் ஓதம் உள்ள வந்து போயிட்டிருந்துச்சு, ஜனங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல, ஆனா அந்த ரெண்டு வருஷத்துல ஒரு அடி அளவுக்கு வண்டல் சேந்து நிலம் உசந்திருந்தத ஆய்வாளர்கள் அளந்தாங்க.

இத அந்தப் பக்கத்து விவசாயிங்க அதுக்கு முன்னாடியே செஞ்சு பாத்துட்டாங்க. 1997ல பைனா பில்ங்கற தாழ்வான இடத்துல ஊர்க்காரங்களே கரைய வெட்டி ஓதத்த உள்ள விட்டாங்க, சில வருஷத்துல வெட்டுன இடத்தப் பக்கம் நிலம் ஒரு மீட்டருக்கு மேல உசந்துச்சு, தூந்து கிடந்த ஆறும் ஆழமாச்சு. அப்பறம் அரசாங்கமும் இத ஒரு முறையா எடுத்துக்கிச்சு. ஆனா தண்ணி உள்ள நிக்கற அந்த வருஷங்கள்ல அந்த நிலத்துல பயிர் வெக்க முடியாது, நஷ்டஈடு எவ்வளவு, யாருக்கு, எப்பங்கறதுல தகராறு ஓயல, அதனால மண்ணு தயாரா வந்துட்டிருந்தும் பல இடத்துல கரைய வெட்ட ஜனங்க சம்மதிக்கறதில்ல.